உழைச்செல்வான் பெறும் பலன்

ஒரு தொழில் நிறைவு தருகிறது என்று சொல்லும்போது, அந்த நிறைவு எங்கே இருக்கிறது என்ற கேள்வி பெரும்பாலான தொழில்களில் எளிதாகவே தீர்ந்துவிடுகிறது. குயவருக்குப் பானையும், தச்சருக்குக் கதவும், உழவருக்கு நெல்லும் கண்முன் நிற்கின்றன. செய்தவரிடமிருந்து செய்யப்பட்ட பொருள் பிரிந்து நிற்பதால், ‘இது என் கைவேலை’ என்று சுட்டிக்காட்ட ஏதோ ஒன்று எஞ்சுகிறது. அறுவை மருத்துவருக்குக்கூட, தைத்த தழும்பு அப்படிப்பட்ட ஒரு கையொப்பம்தான். மருத்துவமனையில் பணியாற்றும் இயன்முறை மருத்துவருக்கு, அதாவது மருந்தையும் கத்தியையும் விடுத்து அசைவு, பயிற்சி, தொடுகை, வெப்பம், மின்தூண்டல் ஆகியவற்றின் வழியே உடலின் இயக்கத்தை மீட்க முயலும் பிசியோதெரபிஸ்டுக்கு, இந்த வசதி இல்லை. பக்கவாதத்தில் விழுந்த ஒருவர் சில வாரப் பயிற்சிக்குப் பின் கட்டிலிலிருந்து எழுந்து கழிவறைவரை நடந்தால், நடந்தவர் அவரே. அந்த நடை அவருடைய கால்களோடு வீட்டுக்குப் போய்விடுகிறது, பயிற்றுவித்தவரிடம் சுட்டிக்காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. பயன் முழுவதும் மற்றொருவரின் உடலுக்குள், அந்த மற்றொருவரின் முயற்சியாகவே பிறக்கும் ஒரு தொழிலில், அதைச் செய்பவர் தம் பலன் என்று எதைக் கொள்வது என்பது வெறும் வேலைவாய்ப்பு வழிகாட்டியில் தீரும் கேள்வியன்று. அது வினை, வினைமுதல், வினைப்பயன் என்று இந்தியச் சமயங்கள் நெடுங்காலமாக விவாதித்துவரும் ஒரு கேள்வியின் மருத்துவமனை வடிவம்.

வழிகாட்டி நூல்கள் தரும் விடையை இகழவேண்டியதில்லை. பட்டப்படிப்பு, உள்ளுறைப் பயிற்சி, அதன்மேல் நரம்பியல், எலும்பு மூட்டு, இதயம் நுரையீரல், குழந்தை நலம் என்று ஒரு சிறப்புத் துறை, பிறகு துறைப்பொறுப்பு அல்லது ஆசிரியப் பணி என்ற ஏணி உண்மையானதே. அதில் ஏறுபவருக்கு ஊதியமும் மதிப்பும் கூடும் என்பதும் உண்மை. ஆயினும் இந்த ஏணியை எந்தத் தொழிலின் சுவரிலும் சாய்த்து வைக்கலாம். இந்தத் தொழிலுக்கே உரிய பலன் எது என்பதை அது சொல்லாது.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் எதிர்பாராத உதவி செய்கிறது. வினையைச் செய்பவரைக் கருத்தா என்று பெயரிட்டு, அதை இரண்டாகப் பிரிப்பது இலக்கண மரபு: தானே செய்பவர் இயற்றுதற் கருத்தா, பிறரைச் செய்விப்பவர் ஏவுதற் கருத்தா. கொத்தனார் கோயில் கட்டினார் என்பதும் அரசர் கோயில் கட்டினார் என்பதும் பள்ளிப் புத்தகங்களில் வழக்கமாக வரும் எடுத்துக்காட்டுகள். கல்லைத் தொட்டவர் ஒருவர், கல்வெட்டில் பெயர் பெற்றவர் வேறொருவர். இயன்முறை மருத்துவர் இவ்விரண்டில் எந்த வகை? நினைவிழந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளியின் தோளையும் முழங்காலையும், மூட்டு இறுகிப்போகாமல் இருப்பதற்காக, அவர் தாமே மடக்கி நீட்டும்போது அவர் இயற்றுதற் கருத்தா. நோயாளியின் உடல் அங்கே செயப்படுபொருள் மட்டுமே. நோயாளி விழித்து, சொன்னதைப் புரிந்துகொண்டு, தானாகவே கையைத் தூக்கத் தொடங்கியபின் மருத்துவர் ஏவுதற் கருத்தாவாகிறார். ஆனால் தொழிலின் பெரும்பகுதி இவ்விரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது. கை பாதிவரை எழும்பி நடுங்கி நிற்கும் கணத்தில், மணிக்கட்டுக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்து, குறைகிற வலுவை மட்டும் கொடுத்து, கூடுதலாக ஓர் இம்மியும் கொடுக்காமல் இருப்பதே உதவியுடன் கூடிய அசைவு எனப்படும் பயிற்சி. அங்கே அசைத்தவர் யார் என்று கேட்டால், இயற்றுதலும் ஏவுதலும் விடையாகமாட்டா.

கிரேக்க மெய்யியலார் அரிஸ்டாட்டில் மனிதச் செய்கையை இரண்டாக வகுத்தார். வீடு கட்டுவதைப் போல, முடிந்தபின் தன்னைவிட்டு வேறாக ஒரு பொருளை விட்டுச்செல்வது ஆக்கம். காண்பதையும் நன்றாக வாழ்வதையும் போல, செய்வதிலேயே நிறைவடைவது செயல். மருத்துவத்தை அவர் நலம் என்னும் வேறொரு பயனை நோக்கிய கலையாகவே பேசினார். இயன்முறை மருத்துவம் அந்த வகுப்பில் ஓர் ஓரத்தில் உட்காருகிறது: அது ஆக்கமே, ஆனால் அது ஆக்கித் தருவது ஒரு பொருளையன்று, மற்றொருவர் தாமாகச் செய்யும் ஒரு செயலை. செய்துகொடுக்க முடியாததைச் செய்துகொடுப்பது என்று இதைச் சொன்னால் விடுகதைபோல் தோன்றும். எந்த மருத்துவமனைப் பயிற்சிக்கூடத்திலும் நாள்தோறும் நடப்பது அதுதான்.

இந்தத் தொழில் தொடக்கத்திலேயே இப்படி இருக்கவில்லை. 1813இல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் நிறுவிய உடற்பயிற்சி நிறுவனத்திலிருந்து அசைவை மருந்தாகக் கொள்ளும் ஒரு மரபு வளர்ந்தது. 1894இல் லண்டனில் நான்கு பெண்கள் சேர்ந்து உடல் பிசைவோருக்கான சங்கம் ஒன்றைத் தோற்றுவித்ததிலிருந்து மற்றொரு மரபு வளர்ந்தது. இரண்டாவதன் பிறப்பு கவனிக்கத் தக்கது. உடல் பிசையும் நிலையங்கள் என்ற பெயரில் வேறு வணிகம் நடப்பதாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதிய காலம் அது. ஆகவே அந்தச் சங்கம் மருத்துவர் பரிந்துரையின்றிச் சிகிச்சை கூடாது, ஆண்களுக்குப் பொதுவாக உடல் பிசைதல் கூடாது என்பன போன்ற விதிகளால் தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டே பிறந்தது. ஐயத்துக்குரியதாகக் கருதப்பட்ட தொடுகையை, ஆசையும் உரிமையும் அற்ற தொடுகையாக மெய்ப்பித்துக் காட்டவேண்டிய சுமை தொழிலின் முதல் நாளிலிருந்தே அதன்மேல் இருந்தது. தமிழ்ச் சமூகத்திலும் இதற்கு இணையான, இன்னும் கசப்பான வரலாறு உண்டு. உடலைத் தொட்டு மருத்துவம் பார்த்தவர்களும் பேறுகாலம் பார்த்தவர்களும் பெரும்பாலும் நாவிதர் சமூகத்தினர். மருத்துவர் என்பது அவர்களுடைய சாதிப்பெயராகவே வழங்கியது. பிறர் உடலின் அழுக்கையும் வலியையும் கையால் தொட்டவர்கள் தாழ்த்தி வைக்கப்பட்டார்கள். நாடியை மட்டும் தொட்டவர்களுக்கும் ஏட்டைத் தொட்டவர்களுக்கும் மதிப்பு கிடைத்தது. இன்றைக்கும் மருத்துவமனைப் படிநிலையில், எழுதித் தருபவர் மேலும் தூக்கி நிறுத்துபவர் கீழுமாக இருப்பதில் அந்தப் பழைய கணக்கின் நிழல் முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நடந்தவை இந்தக் கேள்விக்கு அரிய எடுத்துக்காட்டாக அமைகின்றன. கொல்லிமலையில் 1914இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் அறுவை மருத்துவராக வேலூருக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப் பறவை நகம்போல் ஆகிவிட்ட கைகளில் எல்லாத் தசைகளும் செத்துவிடவில்லை, உள்ளங்கையின் சிறு தசைகளே செயலிழக்கின்றன, முன்கையின் பெருந்தசைகள் பல வலுவோடு இருக்கின்றன என்று கண்ட அவர், நல்ல நிலையிலிருக்கும் ஒரு தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும் இடத்தில் இணைத்தார். தசைநாண் மாற்று அறுவை என்று இதற்குப் பெயர். வெளியுலகம் அறுவையைக் கொண்டாடியது, கொண்டாடவேண்டியதுதான். ஆனால் கத்தி முடித்த இடத்தில் வேலை பாதிதான் முடிந்திருந்தது. அறுவைக்கு முன்பே வாரக்கணக்கில் மெழுகுக் குளியலும், எண்ணெய் தேய்த்து விரல்களை நீவிவிடுதலும், சிறிது சிறிதாக நிமிர்த்தும் மாவுக்கட்டுகளும் தேவைப்பட்டன. இறுகிய மூட்டில் எந்த நாணைக் கட்டியும் பயனில்லை. அறுவைக்குப் பின் மூன்று வாரம் அளவில் கட்டைப் பிரித்தபோது, நோயாளியின் மூளை அறிந்திருந்த கையும் மேசைமேல் கிடந்த கையும் வேறுவேறாக இருந்தன. ஒரு விரலை மடக்கிப் பழகிய தசை இப்போது எல்லா விரல்களையும் அடிமூட்டில் வளைத்து நுனியில் நிமிர்த்தவேண்டும். ஆகவே நோயாளி பழைய அசைவை நினைக்கவேண்டும், புதிய அசைவு நிகழவேண்டும். அந்த விந்தை முதல்முறை நிகழும்வரை அருகில் உட்கார்ந்து, எந்தத் தசை துடிக்கிறது என்று விரல்நுனியால் தொட்டுணர்ந்து, ‘அதுதான், அதையே மறுபடி நினையுங்கள்’ என்று சொல்வது இயன்முறை மருத்துவரின் பணி. பிறரின் நினைப்பு அவருடைய தசையாக மாறும் அந்த இடைவெளிக்கு வேறெந்த மருத்துவரும் சாட்சியாவதில்லை.

பலன் என்பது எவ்வளவு சிக்கலானது என்பதையும் வேலூர் விரைவில் கற்றுக்கொடுத்தது. கை திருந்தியவர்களில் சிலர் நன்றியோடு திரும்பி வரவில்லை, குறையோடு வந்தார்கள். நகம்போல் வளைந்த கைக்குப் பிச்சை விழுந்தது, நேரான கைக்கு விழவில்லை, தொழுநோயாளி என்று தெரிந்தால் வேலையும் கிடைக்கவில்லை. மூட்டுக் கோணமானியில் பார்த்தால் சிகிச்சை முழு வெற்றி. அந்த மனிதர்களின் வயிற்றைக் கேட்டால் தோல்வி. 1951இல் நவஜீவ நிலையம் என்ற பெயரில், கை திருந்தியவர்கள் தங்கித் தச்சு முதலிய தொழில் பழகும் இடம் ஒன்று உருவானதற்கு இந்த அறிவும் ஒரு காரணம். அசைவு தன்னளவில் பலனாகாது. எதற்காக அசைவது என்ற கேள்விக்கு நோயாளியின் வாழ்க்கையில் விடை இருந்தால்தான் அது பலனாகும். இன்றைய மருத்துவமனைகளில், முழங்காலை நூற்றிருபது பாகை மடக்க வைத்துவிட்டோம் என்று ஏட்டில் எழுதிவிட்டு, அந்த மூதாட்டிக்குத் தரையில் சம்மணமிட்டு உட்காரவேண்டுமா, பேருந்துப் படி ஏறவேண்டுமா என்று கேட்காமல் விடுபவர்கள் இந்த வரலாற்றை அறியாதவர்களே.

தொழுநோயைப் பழவினையின் தண்டனை என்று கருதிய நம்பிக்கையும் அந்த நோயாளிகளைச் சூழ்ந்திருந்தது. நோய் ஒருவரின் வினைப்பயன் என்றால், அதில் மற்றொருவர் கைவைக்க இடம் எங்கே? சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரித்துப் பேசுகிறது: பல பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்காக வந்த பிராரத்தம், அதை நுகரும்போதே புதிதாக ஈட்டப்படும் ஆகாமியம். நுகர்வினை வந்தே தீரும் என்று கொள்பவர்களும், நுகரும் விதத்தில் ஏறுவினை ஒன்று பிறக்கிறது என்பதை மறுப்பதில்லை. அந்தக் கணக்கின்படி பார்த்தாலும், செயலிழந்த கால் வந்து சேர்ந்ததாக இருக்கலாம். இன்று காலை அதை நூறுமுறை தூக்க முயல்வது வந்து சேர்ந்ததன்று, செய்யப்படுவது. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரமும் இடைவிடாத முயற்சிக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கி, ஊழின் வலிமையை ஓரிடத்தில் ஒப்புக்கொண்டு, தெய்வத்தால் ஆகாதபோதும் உடல் வருந்திய அளவுக்கு முயற்சி கூலி தரும் என்று வேறோரிடத்தில் சொல்வதில் முரண் இருப்பதாகத் தோன்றலாம். இயன்முறைப் பயிற்சிக்கூடத்தில் அந்த முரண் கரைந்துவிடுகிறது: நரம்பு எந்த அளவுக்குச் சிதைந்தது என்பது முன்பே முடிந்துபோன செய்தி, எஞ்சிய நரம்பு எதைக் கற்கும் என்பது முடியாத செய்தி. வருந்தும் உடல் நோயாளியுடையது என்பதால் கூலியும் அவருக்கே உரியது என்று வாதிடலாம். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்புவலி கொண்ட இயன்முறை மருத்துவர்கள், தம் உடலும் அந்தக் கணக்கில் இருக்கிறதே என்று மெல்லச் சிரிக்கக்கூடும்.

மருத்துவத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பழைய நூல்கள் வியக்கத்தக்க நேர்மையோடு பேசியிருக்கின்றன. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதை முறைப்படி கொடுப்பவர் என்ற நால்வகைக் கூறும் சேர்ந்ததே மருத்துவம் என்பது குறளின் மருந்து அதிகாரம் முடியும் இடத்தில் வரும் கருத்து. சரக சம்ஹிதையும் மருத்துவத்துக்கு நான்கு கால்கள் என்று இதே நால்வரைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு தகுதிகளை வகுக்கிறது. நோயாளிக்கு அது கேட்கும் தகுதிகள் நினைவாற்றல், சொன்னபடி ஒழுகுதல், அஞ்சாமை, நோயை உள்ளவாறு எடுத்துரைத்தல் ஆகியவை. பௌத்த விநயப் பிடகத்தின் மகாவக்கம் இதையே வேறொரு சூழலில் சொல்கிறது. வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு துறவியைப் பிற துறவிகள் கைவிட்டிருந்ததைக் கண்ட புத்தர், ஆனந்தரோடு சேர்ந்து அவரைத் தாமே கழுவிக் கட்டிலில் கிடத்தினார். தமக்குத் தொண்டு செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குத் தொண்டு செய்யட்டும் என்றார். அதைத் தொடர்ந்து, பேணுவதற்கு அரியவரான நோயாளி எப்படிப்பட்டவர் என்று ஒரு விளக்கம் வருகிறது: நலம் தருவதைச் செய்யாதவர், அளவறியாதவர், மருந்து உண்ணாதவர், நோய் கூடியதா குறைந்ததா என்பதை உண்மையாகச் சொல்லாதவர், வலியைப் பொறுக்காதவர். வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைச் செய்யாமலே ‘செய்தேன்’ என்று தலையாட்டும் நோயாளியைச் சந்தித்திராத இயன்முறை மருத்துவர் இருக்கமுடியாது. அவருடைய எரிச்சலுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உண்டு என்பது ஓரளவு ஆறுதல். அதே பகுதி பேணுபவருக்கும் தகுதி கேட்கிறது: எது ஒத்துவரும், எது ஒவ்வாது என்று அறியவேண்டும், ஆதாயத்துக்காக அல்லாமல் அன்பால் பேணவேண்டும், மலம் சிறுநீர் சளி ஆகியவற்றை அருவருக்கக் கூடாது, வேண்டியபோது அறவுரையால் உள்ளத்தைத் தேற்றவும் வேண்டும்.

குறள் அந்த நான்காமவருக்குக் கொடுக்கும் பெயர் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம், அருகு. பெயர்ச்சொல்லாக மட்டுமன்றி, இடத்தை உணர்த்தும் ஏழாம் வேற்றுமை உருபுகளுள் ஒன்றாகவும் இலக்கணிகள் அதை எண்ணியிருக்கிறார்கள். ஆகவே உழைச்செல்வான் என்பவர் பக்கத்தில் செல்பவர். அந்தக் காலத்தில் மருந்தரைத்துக் கொடுத்து அருகிருந்தவரைக் குறித்த சொல் அது. இயன்முறை மருத்துவம் என்னும் தொழிலை வள்ளுவர் அறிந்திருந்தார் என்று பெருமை பேசவேண்டியதில்லை. ஆனால் இணைக்கம்பிகளுக்கு நடுவே முதல் அடி எடுத்துவைப்பவரின் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி, அவருடைய அரையடிக்குத் தாமும் அரையடி வைத்துப் பக்கவாட்டில் நகர்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தமிழில் கிடைப்பது அரிது.

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்யவேண்டும் என்ற கீதையின் கர்மயோகக் கொள்கை இந்தத் தொழிலுக்கென்றே சொன்னதுபோல் தோன்றும். தொழில் பற்றிய மேடைப் பேச்சுகளில் அது தவறாமல் வருகிறது. அதை அப்படியே ஏற்பதில் இரண்டு இடறல்கள் உண்டு. முதலாவது, பலனைக் கருதாமல் இயன்முறை மருத்துவம் செய்யவே முடியாது. தசையின் வலுவைச் சுழியிலிருந்து ஐந்துவரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று உண்டு. தசையில் அசைவே இல்லாமல் ஒரு துடிப்பு மட்டும் தென்பட்டால் ஒன்று, புவியீர்ப்பை எதிர்க்காமல் கிடைவாட்டில் அசைந்தால் இரண்டு, ஈர்ப்பை எதிர்த்து உயர்ந்தால் மூன்று. சுழிக்கும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாட்டைத் தவறவிடுபவர் மறுநாள் பயிற்சியைத் தவறாகவே திட்டமிடுவார். ஆகவே பலனில் கண் வைத்தே ஆகவேண்டும். பலனுக்கு உரிமை கொண்டாடாமல் இருப்பதே இங்கே பற்றின்மை. கவனமும் பற்றும் ஒன்றல்ல என்று காட்டுவதற்கு மூட்டுக் கோணமானியைவிட நல்ல கருவி இல்லை.

இரண்டாவது இடறல் இதைவிடக் கடுமையானது. பலனை எதிர்பாராதே என்பது உழைப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளவேண்டிய சொல். சம்பளப் பட்டியல் தயாரிப்பவர் அவரைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல்லன்று. சேவை என்ற பெயரில் குறைந்த ஊதியத்துக்கும், ஒருவரே ஒரு நாளில் ஏற்கமுடியாத எண்ணிக்கையிலான நோயாளிகளுக்கும் இளையவர்களைப் பழக்குகிற இடங்கள் கர்மயோகத்தைக் கணக்குப்பிள்ளையின் கருவியாக்குகின்றன. மெய்யியலார் அலாஸ்டர் மக்கின்டயர் 1981இல் வெளிவந்த தம் அறவியல் நூலில், ஒரு தொழிலைச் சிறப்பாகச் செய்வதன் மூலமே கிடைக்கும் அகப்பயன்களையும், பணம் பதவி புகழ் போல வேறு வழியிலும் கிடைக்கக்கூடிய புறப்பயன்களையும் பிரித்துக் காட்டினார். புறப்பயன்களைத் தரும் நிறுவனங்கள் இல்லாமல் தொழில்கள் நீடிப்பதில்லை என்றும், அதே நிறுவனங்கள் தொழிலைக் கெடுக்கவும் வல்லவை என்றும் சேர்த்தே சொன்னார். இயன்முறை மருத்துவர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா என்று இந்தியாவில் எழுந்துவரும் சர்ச்சையை இந்தப் பிரிவினையின் வழியே பார்த்தால், அது முழுக்கப் புறப்பயன் பற்றியது என்று தெரியும். ஆனால் அதனாலேயே அற்பமானது என்று ஆகிவிடாது. தொட்டவர்களைத் தாழ்த்திய நெடிய வரலாற்றுக்குப் பிறகு மதிப்பைக் கேட்பது பேராசை ஆகாது. கேட்டது கிடைத்தபின்னும், சுழியிலிருந்து ஒன்றுக்குப் போன தசையைத் தொட்டுணர்ந்த மகிழ்ச்சியை அந்த எழுத்துகள் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை என்பதும் சேர்ந்தே உண்மை.

அகிம்சையைப் பற்றிய கேள்வி ஒன்றும் எஞ்சி நிற்கிறது. உறைந்துபோன தோளை விரிக்கும்போது, எலும்பு முறிவுக்குப் பின் இறுகிய முழங்கையை நீட்டும்போது, வலி வரும் என்று தெரிந்தே செய்யவேண்டியிருக்கிறது. இங்கேயும் வேலூர் ஒரு திருப்பத்தைத் தந்தது. தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்வதில்லை, வலி உணராததால் சூட்டிலும் வெட்டிலும் புண்பட்டுப் படிப்படியாகக் குறைகின்றன என்று உறுதியாகக் கண்ட பிராண்ட், வலியை ஒரு கொடை என்றே பிற்காலத்தில் எழுதினார். வலியே இல்லாத உடல் பாதுகாப்பற்றது என்ற அறிவு, வலி தர உரிமைச் சீட்டு ஆகிவிடாது. காக்கும் வலியையும் கெடுக்கும் வலியையும் பிரித்தறிவதற்கு நோயாளியின் முகமே முதல் சான்று; ‘கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லை நாளில் எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம், தொழிலில் நெடுங்காலம் இருப்பவர்களுக்கு நல்லது. ‘மறுபடி நடப்பேனா’ என்ற கேள்விக்கு விடை சொல்லும்போதும் இதே இடர்தான். தீமையற்ற சொல்லே வாய்மை என்று வரையறுத்த குறள், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று இடங்கொடுத்தது; தண்டுவடம் முற்றிலும் அறுந்தவரிடம் ‘நடந்துவிடுவீர்கள்’ என்று சொல்வது அந்த இடத்தில் அடங்காது, ஏனெனில் அந்தப் பொய் நன்மை தருவதற்குப் பதிலாகச் சக்கர நாற்காலியைக் கற்கவேண்டிய மாதங்களைத் தின்றுவிடுகிறது.

மேரி வர்கீஸின் வாழ்க்கை இந்த இடத்தில் விலக்க முடியாத சான்று. வேலூரில் மருத்துவராயிருந்த அவர் 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மீண்டும் நடப்பது என்ற பலன் அவருக்குக் கிட்டவேயில்லை. ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்யக் கற்றார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பவரின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அமைவதற்குக் காரணமானார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைப் பயிற்றுவித்த கைகள் எவையென்று வரலாறு அவ்வளவாகப் பேசுவதில்லை. கால்களை மீட்காத அந்தப் பயிற்சியைத் தோல்வி என்று சொல்பவர் எவரும் இல்லை என்றால், பலனுக்கும் குணமாதலுக்கும் இடையே உள்ள வழக்கமான சமன்பாடு தவறு என்றே கொள்ளவேண்டும்.

தசைச்சிதைவு நோயுள்ள சிறுவர்களோடும், படிப்படியாக எல்லாத் தசைகளையும் இழக்கும் நரம்புநோயாளிகளோடும் பணியாற்றுகிறவர்கள் இதை அன்றாடம் அறிவார்கள். அங்கே அளவுகோல் கீழ்நோக்கியே நகர்கிறது. நேற்று மூன்றாக இருந்தது இன்று இரண்டு. அந்த அறையில் ஏவுவதற்கு ஒன்றுமில்லை, இயற்றி நிறுவவும் ஒன்றுமில்லை. மூச்சுக்குழலில் தேங்கிய சளியை வெளியேற்ற நெஞ்சில் தட்டிக் கொடுப்பதும், கழுத்தை எந்தக் கோணத்தில் வைத்தால் தொலைக்காட்சி தெரியும் என்று தலையணையைத் திருத்துவதுமாக நேரம் போகிறது. ஏற்றத்தில் மட்டுமே பலன் தேடிப் பழகியவர்கள் இந்தப் பிரிவுகளில் நீடிப்பதில்லை என்பது எதிர்பார்க்கக்கூடியதே.

இங்கே மறுபடி இலக்கணமே கைகொடுக்கிறது. இலக்கண நூலான நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்கு மூன்று பொருள்களைத் தருகிறது: கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி. ஆல் என்ற உருபு கருவியையும் கருத்தாவையும் காட்டும். ஒடு என்பது இருவர் ஒரே வினையில் சேர்ந்து நிகழ்வதைக் காட்டும். இயன்முறை மருத்துவர் நோயாளிக்கு முதலில் கருவியாக இருக்கிறார், பிறகு கருத்தாவாக இருக்கிறார், ஆனால் அவருடைய தொழிலின் இயல்பான இடம் மூன்றாவது பொருளில்தான் இருக்கிறது. மேலே இயற்றுதலும் ஏவுதலும் விடையாகாமல் நின்ற கேள்விக்கு இதுவே விடை. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இருவர் ஒரு வினையில் சேரும்போது ஒடு உருபு உயர்ந்தவர் பெயரின் பின்னே வரவேண்டும் என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. அரசனொடு வீரர் வந்தார் என்பதே மரபு, வீரரொடு அரசன் வந்தான் என்பதன்று.

மறுவாழ்வுப் பிரிவுகளில் நோயாளி பிறரை எவ்வளவு சார்ந்திருக்கிறார் என்பதை ஒன்றிலிருந்து ஏழுவரை எண்ணால் குறிக்கும் முறை ஒன்று பரவலாக வழங்குகிறது. முயற்சியில் கால்பங்கைக்கூட நோயாளி தராதபோது ஒன்று. பாதிக்கு மேல் தந்தால் மூன்று. முக்கால் பங்குக்கு மேல் தந்தால் நான்கு. தொடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றால் ஐந்து. கைத்தடியோடு தனியே நடந்தால் ஆறு. எதுவும் யாரும் இன்றி நடந்தால் ஏழு. ஒவ்வோர் எண் ஏறும்போதும் அந்த வரியில் இயன்முறை மருத்துவரின் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. நான்கில் இருக்கும் நோயாளியைப் பற்றி எழுதுகிறவர், தொல்காப்பிய விதியை அறிந்தோ அறியாமலோ, ‘நோயாளியொடு மருத்துவர் நடந்தார்’ என்று எழுதலாம்; ஏழாவது எண்ணை இட்டு, வீட்டுக்கு அனுப்பும் குறிப்பில் ‘நோயாளி உதவியின்றி நடக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்திடும்போது, அந்த வாக்கியத்தில் அவருக்கு இடமே இல்லை.